மஞ்சுளா அளந்து வாங்குன காரு

பழைய காரு வாங்க வாரவங்க நூறு பேருல தொண்ணூறு பேரு சீட்டைத் தொட்டுக்கூடப் பாக்க மாட்டாங்க. பானெட்டைத் தூக்குவாங்க, ஒன்னும் புரியாட்டியும் உள்ளார எட்டிப் பாத்துத் தலையாட்டுவாங்க, டயரை ஒரு ஒதை ஒதைப்பாங்க. அப்பறம் ஒரே கேள்விதான், "ஏனுங்க, வண்டி ஒசரமா இருக்குதுங்களா?" ஒசரமா இருந்தா எஸ்யூவி, கவுரவம். தாழ்வா இருந்தா செடான், அது டாக்சிக்காரனுக்குன்னு ஒரு நெனப்பு. மாமனாரு ஊட்டு வாசல்ல நிறுத்துனா எது பெருசாத் தெரியும்னு யோசிப்பானே ஒழிய, பொறத்தால உக்கார்ர பொண்டாட்டியோட முழங்காலு எங்க போய் முட்டும்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். நானும் சொல்ல மாட்டேன். சொன்னா என்ற பொழப்பு என்னாவறது?

என்ற பேரு குமரகுருங்க. கொண்டப்பநாயக்கன்பட்டில, மலை ஏர்ற ரோட்டோரமா பழைய காரு யார்டு வெச்சிருக்கறேன். பதினாறு வருசமா இதே தொழிலு. இத்தனை வருசத்துல காரை உள்ளாரயும் வெளியவும் அளந்து பாத்து வாங்குன ஒரே ஆளு ராசிபுரத்து மஞ்சுளாதான். அந்தப் புள்ளையப் பத்திச் சொல்லோணும்னு ரொம்ப நாளா நெஞ்சுக்குள்ளார கெடக்குது. சொன்னா என்னையும் சேத்துத்தான் சொல்லோணும். அதான் இத்தனை நாளு வாயை மூடிட்டு இருந்தேன்.

மஞ்சுளாவுக்கு முப்பத்திநாலு வயசு. ஊட்டுலயே ஜாக்கெட் தைக்கற பொழப்பு. புருசன் தமிழரசு ரிக் வண்டில டிரில்லரு, போர் போடற வேலை. நம்ம பக்கத்து ரிக்குகாரங்க பொழப்புத்தான் தெரியுமே, பத்து மாசம் வடக்க எங்கயாச்சும் கெடப்பாங்க, மழை வந்தா ரெண்டு மாசம் ஊட்டுல இருப்பாங்க. அவருக்கு அடிபடறதுக்கு முந்தி, பன்னெண்டு வருசக் கல்யாணத்துல மொத்தமாக் கூட்டிப் பாத்தாக்கூட ரெண்டு வருசந்தான் சேந்து இருந்திருப்போம்னு அந்தப் புள்ளையே ஒருக்கா சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு. புள்ளைகுட்டி இல்ல. சத்தீஸ்கர் பக்கத்துல போருக்குள்ள எறக்கற இரும்பு ராடு மாத்தறப்ப ஒன்னு கழண்டு வந்து தமிழரசு முதுகுல அடிச்சிருச்சு. ஆறடி ஆளு. ரயில்ல படுக்க வெச்சுக் கொண்டாந்தாங்க. இடுப்புக்குக் கீழ ஒன்னுமே தெரியாது. ஊசில குத்துனாலும் தெரியாது, சுடுதண்ணி ஊத்துனாலும் தெரியாது.

மூணு வருசம் ஒரே ரூம்புல, ஒரே கட்டில்ல கெடந்தாரு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா அவரைப் பொரட்டிப் போடோணும், இல்லாட்டி படுக்கைப் புண்ணு வந்துரும். மஞ்சுளா அலாரம் வெச்சு எந்திரிச்சுப் பொரட்டுனா. மூணு வருசத்துல ஒரு புண்ணு வர உடலைங்க. பெரிய ஆசுபத்திரி நர்சுகளே அவளைக் கூப்புட்டு, எப்புடிம்மா பாத்துக்கறேன்னு கேட்டாங்களாம். ஆனா மனசுல வார புண்ணுக்கு என்ன பண்றது? ஒரு நாளு தமிழரசு சோத்துத் தட்டத் தள்ளி வெச்சுட்டு, "ஏம்புள்ள எனக்குச் சோறு போடற? நாய்க்குப் போட்டாலும் வாசல்ல கெடந்து கொலைக்கும்"னு சொல்லிப்போட்டாரு. அன்னிக்கு முச்சூடும் அந்தப் புள்ள மிஷினை மிதிக்கலையாம்.

அந்த நேரம் பாத்து அவரு முந்தி வேலை பாத்த ரிக்கு ஓனரு ஒரு வழி சொன்னாரு. நாமக்கல்லுல போர் புக்கிங் ஏஜெண்டா இருக்கலாம், போன்ல பேசற வேலை, ஆனா தோட்டம் தோட்டமா நேர்ல போய்ப் பேசுனாத்தான் ஆர்டர் கெடைக்கும்னாரு. தமிழரசு சரின்னு தலையை ஆட்டுனாரு. மூணு வருசத்துல அவரு ஒன்னு வேணும்னு சொன்னது அதுதான் மொதல் தடவை. மஞ்சுளா மக்கா நாளே டிரைவிங் ஸ்கூலுக்குப் போயிட்டா. அங்கிருந்த பையனுக கிண்டல் பண்ணிருக்காங்க, "அக்கா, கிளட்ச்சு தையல் மிஷினு பெடல் இல்லீங்க"ன்னு. அவ, "தெரியுது சாமி, இது ஒரு காலு, அது ரெண்டு காலு"ன்னாளாம். லைசென்ஸ் எடுத்துட்டா. இனி காரு ஒன்னுதான் பாக்கி. காரு கெடைச்சா புருசன் கட்டிலை உட்டு எந்திரிப்பாரு, இல்லாட்டி அந்த ரூம்புலயே முடிஞ்சுபோவாரு. அவ மனசுல இருந்தது இவ்வளவுதான்.

அப்புடித்தான் ஒரு நாளு காத்தால என்ற யார்டுக்கு வந்து நின்னா, கழுத்துல இஞ்சு டேப்போட.

"ஏனுங்கண்ணா, அளந்து பாக்கலாங்களா?"

"காருக்கு ஜாக்கெட்டு தைக்கப் போறியா அம்மிணி?"

அவ சிரிக்கல. டேப்பைப் பிரிச்சா. மொதல்ல ஒரு செடான். முன் சீட்டு தரையிலிருந்து பத்தொம்பது இஞ்சு. ஊட்டுல அவரு உக்கார்ர வீல்சேரு, மேல மெத்தையோட இருபத்தொன்னு. "இறக்கமா இருக்குதுங்க, நடுவால பலகை போட்டா அவரு அதுல நழுவி வந்துருவாரு. ஆனா திரும்ப ஏத்தறப்ப நான் கெணத்துல இருந்து தூக்கறாப்புல தூக்கோணும்"னா. அப்பறம் சீட்டுல அவளே உக்காந்து, தலைக்கு மேல நாலு வெரலை வெச்சுப் பாத்தா. "எனக்கே இவ்வளவுதான். அவரு ஆறடிங்க, கழுத்தை மடக்கித்தான் உக்காரோணும்." முழங்காலுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவால டேப்பு வெச்சா. பொறத்தால போயி டிக்கியைத் தொறக்கச் சொன்னா. டிக்கி கெணறாட்ட ஆழம், ஆனா வாய் சின்னது. வீல்சேரு மடக்குனாலும் உள்ளார போவாது. அது அவளுக்கு அளக்காமயே தெரிஞ்சிருச்சு, இருந்தாலும் அளந்தா.

எனக்குப் பொறுமை போயிருச்சு. "அம்மிணி, செடான்ல பொற சீட்டு சோபாவாட்ட இருக்கும், கால நீட்டிக்கலாம். பொறத்தால உக்கார வெச்சுக்க"ன்னேன். "பொறத்தால உக்கார வெச்சா அவரு நோயாளிங்க. முன்னாடி உக்காந்தாத்தான் ஏஜெண்டு"ன்னா. நான் அடுத்த வண்டிச் சாவியை எடுத்தேன்.

அடுத்தது ஒரு சின்ன எஸ்யூவி. வெள்ளைக் கலரு. சீட்டு இருபத்திநாலு இஞ்சு, வீல்சேரை விட மூணு இஞ்சு மேல. ஆனா கதவு அகலமாத் தொறக்குது, தலைக்கு மேல ஒரு சாணு எடம், கைப்புடி இருக்குது, தமிழரசு அதைப் புடிச்சுத் தொங்கி ஒடம்பைத் தூக்கிக்கலாம். பொறத்தாலக் கதவு மொத்தமா மேல போவுது, வீல்சேரு அப்புடியே உள்ளார போயிரும். அவ டேப்பைச் சுருட்டிக்கிட்டே, "மூணு இஞ்சுதானுங்க, நான் தூக்கிக்கறேன்"னா. தன்னோட இடுப்பைக் கணக்குலயே சேக்கலைங்க அந்தப் புள்ள.

இப்ப அந்தச் சீட்டைப் பத்திச் சொல்றேன். அந்த வண்டி என்ற கைக்கு வந்தப்ப சீட்டு கவரு கிழிஞ்சு கெடந்துச்சு. சீட்டு வேலை பாக்கற அக்மல்கிட்ட உட்டேன். டவுன்ல கடை, கையும் சுத்தம் வாயும் சுத்தம். அவன் அன்னிக்கே போன் பண்ணிட்டான்.

"குருண்ணே, இடது பக்கத்து முன் சீட்டுல, இடது ஓரமா கம்பி ஒன்னு அத்துக்கிட்டு மேல நிக்குது. ஃபோமும் மொத்தமா உக்காந்துருச்சு. சீட்டையே மாத்திருவோம்."

"அட ஏம் பாய், மேல ரெண்டு இஞ்சு ஸ்பாஞ்சைப் போட்டு கவரைத் தச்சு மாட்டு. ஓட்றவன் சீட்டு நல்லாருந்தாப் போதும்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றீங்க."

"சோறு நெறையாப் போடு, மறைஞ்சிரும்"னு சிரிச்சேன். எங்க தொழில்ல இது தப்பே இல்லீங்க. எல்லா யார்டுலயும் நடக்கறதுதான். அஞ்சு ரூவா ரெக்சின் வாசத்துல பத்து வருசப் பழசு மறைஞ்சுபோவும். இடது பக்கம் உக்கார்ரவன் ஆறு மாசங்கழிச்சு, ஏதோ உறுத்துதுன்னு நெளிவான், ஒரு தலகாணி போட்டுக்குவான். அவ்வளவுதானேன்னு நெனச்சேன்.

வெள்ளிக்கெழமை காத்தால தமிழரசைக் கூட்டியாந்தா. டாக்சில இருந்து வீல்சேருக்கு, அங்கிருந்து பலகை போட்டு எஸ்யூவிக்கு. மூணு இஞ்சு தூக்கறப்ப அவ கழுத்து நரம்பு பொடைச்சுக்கிட்டு நின்னுச்சு. தமிழரசு உள்ளார உக்காந்து, கைப்புடியைப் புடிச்சுக்கிட்டு, கண்ணாடி வழியா மலையைப் பாத்தாரு. மூஞ்சில அப்புடியொரு சிரிப்பு. எனக்கே சந்தோசமாத்தான் இருந்துச்சு.

"எப்புடிங்க இருக்குது?"ன்னேன்.

"மெத்தையாட்ட இருக்குதுங்கண்ணா"ன்னாரு.

மஞ்சுளா உள்ளங்கையை வெச்சு சீட்டை அமுக்கி அமுக்கிப் பாத்தா. புது ஸ்பாஞ்சு, பூவாட்டத்தான் இருந்துச்சு. அப்பறம் என்ற கிட்ட வந்து மெதுவாச் சொன்னா. "அண்ணா, அவருக்குக் கீழ உணர்ச்சியே இல்லீங்க. முள்ளு மேல உக்கார வெச்சாலும் மெத்தையின்னுதான் சொல்லுவாரு. அதனால உங்களைக் கேக்கறேன். உள்ளார ஒன்னும் கோளாறு இல்லீங்களே? ஒருக்கா கவரைக் கழட்டிப் பாத்துக்கட்டுங்களா?"

இந்த எடத்துல நான் சொல்லிருக்கோணும். வாயைத் தொறந்து, இரு அம்மிணி, நாளைக்குச் சீட்டை மாத்தித் தாரேன்னு ஒரு வார்த்தை. நான் என்ன பண்ணேன் தெரியுங்களா? கையில கடியாரத்தைப் பாத்தேன். "மணி பத்து பத்து. பத்தரைக்கு ராகு காலம். கவரைக் கழட்டி மாட்ட ஒரு மணி நேரம் ஆவும். அப்பறம் மொத மொதலா ராகு காலத்துலதான் வண்டியை எடுக்கோணும், பரவால்லீங்களா? ஒன்னும் இல்ல, என்னை நம்பு"ன்னேன். ராகு காலத்துல வண்டி எடுக்க நம்ம பக்கத்துல எவன் துணிவான்? அதும் ஏற்கெனவே ஒருக்கா அடி வாங்குன குடும்பம். உள்ளாரயிருந்து தமிழரசு, "மஞ்சு, நேரமாவுது புள்ள, வா"ன்னாரு. அப்பறம் டயருக்கடியில எலுமிச்சம்பழத்தை வெச்சு, பத்து இருவதுக்கு வண்டியை எடுத்துட்டா.

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கெடைக்காதும்பாங்க. எனக்கு அன்னிக்கு மத்தியானம் பிரியாணிங்க.

நாலு மாசம். நெசமாலுமே அந்த நாலு மாசம் தமிழரசு மனுசனா இருந்தாரு. பத்து நாளைக்கு ஒருக்கா போன் பண்ணுவாரு. "அண்ணா, இன்னிக்கு மூணு வருசங்கழிச்சுக் கரும்புத் தோட்டம் பாத்தேனுங்க"ம்பாரு. "இன்னிக்கு ஒரு பார்ட்டி ஆயரம் அடி போட ஒத்துக்கிட்டாங்க, நான் காருக்குள்ளார உக்காந்தே பேசி முடிச்சுட்டேனுங்க"ம்பாரு. மஞ்சுளா வரப்போரமா வண்டியை நிறுத்துவாளாம், தோட்டத்துக்காரங்க கண்ணாடி பக்கத்துல வந்து நின்னு பேசுவாங்களாம். காத்தால எட்டு மணிக்குக் கெளம்புனா பொழுதெறங்கித்தான் ஊடு. வீல்சேருல இருந்ததை விட அந்தச் சீட்டுல உக்காந்த நேரந்தான் ஜாஸ்தி. கால் மணி நேரத்துக்கு ஒருக்கா கைப்புடியைப் புடிச்சு ஒடம்பைத் தூக்கி எறக்கோணும்னு டாக்டரு சொல்லிருந்தாரு. தமிழரசு போன்ல பேச ஆரமிச்சா மறந்துருவாரு. மஞ்சுளா ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டே, "தூக்குங்க, தூக்குங்க"ன்னு ஞாபகப்படுத்துவா.

அஞ்சாவது மாசம் போன் வரல. நானும் பண்ணல. வேலை இருந்துச்சு.

ஒரு நாளு அந்த ரிக்கு ஓனரோட ஆளு ஒருத்தன் டீக்கடைல சொன்னான், தமிழரசு போயிட்டாருன்னு. புண்ணாம். உக்கார்ர எடத்துல, இடது பக்கம். மொதல்ல ஒத்த ரூவாக் காசாட்ட செவந்திருந்துச்சாம். மேல தோலு சின்னதாத் தெரிஞ்சாலும் உள்ளார எலும்பு வரைக்கும் போயிருச்சாம். காச்சல் வந்து, ரத்தத்துல கலந்து, ஆசுபத்திரில பதினோரு நாளு. இடது பக்கம்னு அவன் சொன்ன வார்த்தைதான் காதுக்குள்ளார திரும்பத் திரும்பக் கேட்டுச்சு.

துக்கம் கேக்கப் போனேன். போகாம இருக்க மனசு வரல. ராசிபுரத்துல சின்ன ஓட்டு ஊடு. காரு வாசல்ல நின்னுச்சு, தூசி படிஞ்சு. மஞ்சுளா பாதியா எளைச்சுப் போயிருந்தா. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு சேரு எடுத்துப் போட்டா. "வாங்கண்ணா, உங்களைத்தான் அவரு கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு"ன்னா.

அப்பறம் அவ சொன்னதுதான் என்னைக் கொன்னுருச்சுங்க. காரு வாங்குனப்ப வீல்சேரு மெத்தைக்கு அவளே புதுசா ஒரு உறை தச்சிருந்தாளாம், ஓரத்துல பைப்பிங் வெச்சு, அழகா இருக்கோணும்னு. "அந்தத் தையல் மேடுதானுங்கண்ணா அவரைக் குத்திருக்குது. மூணு வருசம் ஒன்னும் வராதவருக்கு, நான் அழகுக்குத் தச்ச உறையால வந்துருச்சு. என்ற கையாலயே கொன்னுட்டேனுங்க." மிஷின் மேல ஒரு பழைய சேலையைப் போட்டு மூடி வெச்சிருந்தா. தைக்கறதையே உட்டுட்டாளாம்.

"காரை நீங்களே எடுத்துக்கங்கண்ணா, இனி எனக்கு எதுக்கு?"ன்னு சாவியை நீட்டுனா.

சாவியை வாங்கிக்கிட்டு வாசலுக்கு வந்தேன். இடது பக்கக் கதவைத் தொறந்து, கையை வெச்சு அமுக்குனேன். ஒன்னும் தெரியல. ஆளில்லைன்னு பாத்துட்டு முழங்காலை வெச்சு, என்ற முழு பாரத்தையும் போட்டு அழுத்துனேன். ஸ்பாஞ்சு அமுங்கி அடிக்குப் போனதும் கெடைச்சுச்சு. சுண்டு விரல் மொத்தத்துக்கு ஒரு கம்பி, முட்டிச் சிப்பிலயே குத்துச்சு. எனக்கு வலிச்சுதுங்க. ரெண்டு நிமிசத்துல காலை எடுத்துட்டேன். அந்த மனுசன் நாலு மாசம் அதும் மேல உக்காந்து சிரிச்சிருக்காரு.

கம்பியாலதான்னு எந்த டாக்டரும் எழுதிக் குடுக்கல. பேசாம சாவியைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு, காரை ஓட்டிட்டுப் போயிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அப்புடிப் போயிரலாம்னு கூட நெனச்சேன், உங்ககிட்டப் பொய் எதுக்குச் சொல்லோணும்? கதவைக்கூடச் சாத்திட்டேன். ஆனா அவ தன்ற கையையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தது ஜன்னல் வழியாத் தெரிஞ்சுச்சு. எத்தனை வருசம் அந்தக் கையை அப்புடிப் பாத்துக்கிட்டே இருப்பா? திரும்ப உள்ளார போனேன். உக்காரல. நின்னுக்கிட்டே மொத்தத்தையும் சொல்லிட்டேன். அக்மல் சொன்னது, நான் சிரிச்சது, ராகு காலம், எல்லாத்தையும்.

அடிப்பா, மண்ணை வாரித் தூத்துவா, ஊரையே கூட்டுவான்னு நெனச்சேன். எதும் பண்ணல. ஒரே ஒரு கேள்விதான் கேட்டா.

"மெத்தையாட்ட இருக்குதுன்னு அவரு சொன்னது பொய்யின்னு எனக்கு அன்னிக்கே தெரியுங்க. அவருக்கு வெளிய போகோணும்னு ஆசை, அதனால சொன்னாரு. நீங்க எதுக்குங்கண்ணா சொன்னீங்க?"

ஒரு வண்டி வித்தாவோணும்னு சொன்னேன்னு சொல்ல நாக்கு வரலைங்க. கண்ணுல தண்ணி வந்துச்சு, அதைத் தொடைக்கக்கூட வெக்கமா இருந்துச்சு.

"என்னையே நான் எத்தனை நாளு திட்டிருப்பேன் தெரியுங்களா"ன்னா. அப்பத்தான் அவளுக்கு அழுகை வந்துச்சு. சத்தம் போட்டு அழுதா.

அழுது முடிச்சுட்டு எந்திரிச்சா. "சாவியைக் குடுங்க. காரு எனக்கு வேணும். அவரு வேலையை நானே பாத்துக்கறேன். அந்தச் சீட்டை மட்டும் இப்பவே கழட்டுங்க"ன்னா. வண்டில ஸ்பேனர் இருந்துச்சு. நாலு போல்ட்டு. துரு ஏறிக் கெடந்துச்சு, கை தோலு உரிஞ்சுது. கழட்டி வாசல்ல எறக்கி வெச்சேன்.

"நான் எடுத்துட்டுப் போயி எரிச்சர்றேன் அம்மிணி. வேற எந்த வண்டிக்கும் போட மாட்டேன், சத்தியமா"ன்னேன்.

"உங்க வார்த்தையை ஒருக்கா நம்பியாச்சுங்க"ன்னா. உள்ளார போனவ துணி வெட்டற பெரிய கத்தரியை எடுத்தாந்து என்ற கையில குடுத்தா. "இங்கயே வெட்டுங்க. நான் பாக்கோணும்."

வெயில்ல மண்ணுல உக்காந்து வெட்டுனேன். மொதல்ல கவரு, அப்பறம் ஸ்பாஞ்சு, அதுக்கடியில பழைய ஃபோமு. கம்பி வெளிய தெரிஞ்சுச்சு. அவ பக்கத்துல குந்தி, அந்தக் கம்பி மேல வெரலை வெச்சா. அமுக்கிப் பாத்தா. இன்னும் கொஞ்சம் அமுக்குனா. நான் போதும் அம்மிணின்னு சொன்னேன். அவ வெரலை எடுக்கவே இல்லீங்க.